முயல்களுக்கு ஒழித்துக் கொடுத்த ஷெட்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளை ரோலர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெயரைக் கேட்டுவிட்டு யாரும் குண்டான ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அரை ஈரமாக வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவில் விட்டு, சுருக்கமில்லாமல் மறுபக்கம் வாங்குவது அவள் வேலை. அந்த மெஷினுக்கு ரோலர் என்று பெயர், அதனால் அவளுக்கும். நான் எதிர் மேசையில் கிழிசல் தைப்பவள்.

எங்கள் பிரிவில் ரகசியம் என்று எதுவும் தங்காது. மெஷின் சத்தத்தில் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். யார் வீட்டில் சண்டை, யாருக்கு மூட்டுவலி, யார் மாமியார் எப்போது ஊருக்குப் போகிறாள், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்திலும் அக்கா தன் தம்பியைப் பற்றி மட்டும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில், படிக்கட்டில் உட்கார்ந்து, துண்டு துண்டாகக் கேட்டதுதான்.

அவன் டெலிபோன் லைன்மேன். கம்பத்திலிருந்து ஒருநாள் விழுந்தான். கால் கூடிவிட்டது, காது கூடவில்லை. ஓயாத ஓர் இரைச்சல் உள்ளே தங்கிவிட்டது. வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தான். வீட்டுக்குள்ளேயே இரு என்று எல்லோரும் சொல்லியும் கேட்கவில்லை. "உள்ள நீங்க எல்லாரும் பேசறீங்க அக்கா. காதுக்குள்ள இன்னொருத்தன் விடாம பேசிக்கிட்டிருக்கான். ரெண்டு பக்கமும் கேட்க என்னால முடியல" என்றானாம். தோட்டத்து மூலையில் ஒரு ஷெட் இருந்தது. பலகைச் சுவர், பலகைத் தரை, தகரக் கூரை. அங்கே ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்தான். யாருக்கும் தொந்தரவு இல்லை. டீ வேண்டுமென்றால் கட்டிலில் உட்கார்ந்தபடியே குதிகாலால் தரைப் பலகையை இரண்டு தட்டுத் தட்டுவான். அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் வரும். அக்கா கொண்டுபோய்க் கொடுப்பாள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் ஷெட் கதவு திறந்து கிடந்தது. செருப்பு கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஆள் இல்லை. தேட வேண்டிய இடத்தில் எல்லாம் தேடினார்கள், போலீசில் சொன்னார்கள், பேப்பரில் போட்டோ போட்டார்கள். ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

பிணவறையில் வேலை பார்க்கும் பெரியவருக்கு அக்காவை நன்றாகத் தெரியும். அடையாளம் தெரியாத ஆண் யாராவது அங்கே வந்து சேர்ந்தால் எங்கள் சூப்பர்வைசர் மேசைக்குப் போன் வரும். "ரோலரைக் கொஞ்சம் அனுப்புங்க." அக்கா மெஷினை அணைப்பாள். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவுவாள். திரும்பி வந்து கழுவினால் புரியும்; இவள் போவதற்கு முன்னால் கழுவுவாள், முகத்தையும் சேர்த்து. உறவுக்காரர் யாரையோ பார்க்கக் கிளம்புகிற மாதிரி இருக்கும். போய்விட்டு வந்து என்னைப் பார்த்து, "இல்ல" என்பாள். அவ்வளவுதான். முகத்தில் நிம்மதியும் இருக்காது, ஏமாற்றமும் இருக்காது. ரோலரை மறுபடி போடுவாள்.

அவள் புருஷன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். "அக்கா புருஷன் எப்படிடீ உனக்கு அண்ணன் ஆவார்?" என்று அக்காவே சிரிப்பாள். பழகிவிட்டது, மாற்ற முடியவில்லை. அதிகம் பேசாத மனுஷன். தம்பி போன பிறகு அந்த ஷெட்டில் அவர் ஒரு பொருளைக்கூட வைத்ததில்லை. மண்வெட்டி சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கும். அக்கா ஷெட்டைக் கூட்டுவாள், தலையணை உறை மாற்றுவாள், கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு வருவாள். வருஷங்கள் இப்படியே போயின.

அப்புறம்தான் முயல்கள் வந்தன.

அக்காவின் ஒரே மகள் கல்யாணத்துக்கு முன்பே இரண்டு முயல்கள் வளர்த்தாள். வெள்ளைப் பெண் முயல் பஞ்சு. சாம்பலில் கரும்புள்ளி தெளித்த மாதிரி இருந்த ஆண் முயல் மிளகு. புருஷன் வீட்டுக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போனாள். போன கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளைக்குத் தும்மல் ஆரம்பித்துவிட்டது. கண் சிவந்து மூக்கு வீங்கியது; டாக்டர் அலர்ஜி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். மகள் இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார், முயல்களுக்குத்தான் இடமில்லை. அட்டைப் பெட்டியில் வந்து இறங்கின. "கட்டிக் கொடுத்த பொண்ணு திரும்பி வரல, சீதனம் மட்டும் திரும்பி வந்திருக்கு" என்றார் அண்ணன். அவர் சொல்லி நான் கேட்ட முதல் ஜோக் அது.

வீட்டுக்குள் அவை செய்த அட்டகாசத்துக்கு அளவில்லை. டிவி ரிமோட்டில் ஒரு பட்டன்கூட மிச்சமில்லை. சோபாவின் பின்பக்கம் ஒரு குகையே தோண்டிவிட்டன. ஒருநாள் பிரிட்ஜ் ஒயரை மிளகு கடிக்க, பொறி பறந்து வீடு இருட்டானது. நல்லவேளை, உயிர் தப்பியது. அன்று மாலை மகள் போனில் சொன்னாள்: "அம்மா, பேசாம ஷெட்ல விடேன்."

அக்கா போனை வைத்தாள். அண்ணன் ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டே, "அவ சின்னப் பொண்ணு, ஏதோ சொல்றா. விடு" என்றாராம்.

மறுநாள் வேலையில், மெஷின் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அக்கா என் பக்கம் பார்த்துக் கத்தினாள்: "தம்பி ஷெட்ட முயலுக்கு ஒழிச்சுக் கொடுக்கப் போறேன். ஞாயித்துக்கிழமை வர்றியா?"

பிரிவு முழுக்கக் கேட்டது. மடிப்பு மேசையில் இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது கட்டிலை ஏற்கெனவே வெளியே எடுத்துப் போட்டிருந்தார் அண்ணன். அது கிடந்த இடத்தில் நான்கு குழிகள், பலகையில் பதிந்திருந்தன. சுவரில் அவன் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்ததில் தலை பட்ட இடம் வட்டமாகக் கறுத்திருந்தது. உள்ளே ஆள் வாசனை எதுவும் இல்லை, அத்தனை வருஷம் ஆகிவிட்டதே. ஆனாலும் நுழையும்போது, யாரோ பேச்சை நிறுத்திவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி எனக்கு இருந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

முதல் வேலை தரை. தம்பி பழைய டெலிபோன் ஒயர்களை உரித்து, கலர் கலராகப் பின்னிக்கொண்டிருப்பானாம். அந்தத் துணுக்குகள் பலகை இடுக்கெல்லாம் சிக்கிக் கிடந்தன. முயல் விழுங்கினால் குடல் போய்விடும். அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து ஹேர்பின்னால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தாள். சிவப்பு, பச்சை, ஊதா. நான் உதவப் போனேன். "நீ அந்தப் பக்கம் ஜன்னலப் பாரு" என்றாள். மத்தியானம் வரை அந்த ஒரு வேலையையே செய்தாள்.

ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தோம். கோழிக்கூட்டு வலை போதும் என்று நான் நினைத்தேன். மகள் போனிலேயே தடுத்துவிட்டாள். அதை முயல் பல்லால் அறுத்துவிடுமாம், பூனை பிய்த்துவிடுமாம். பற்றவைத்த சின்னக் கட்டம் போட்ட கனமான வலையாக வாங்கிவந்தார் அண்ணன். தரைக்கு வழவழப்பில்லாத பழைய விரிப்பு ஒன்றை ஒட்டி, ஓரங்களைச் சட்டத்தால் மறைத்தார். இல்லாவிட்டால் ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பித்துவிடும். முழங்கால் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிச் சுத்தமான பலகை. உயரத்தில் எதிரெதிரே காற்றுத் துளைகள். கீழே படுத்திருக்கும் முயல் மேல் காற்று நேராக அடிக்கக்கூடாது. தகரக் கூரைதான் பெரிய பாடு. வெயிலில் அது அடுப்பு. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட போர்வைகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, நானும் அக்காவும் மெத்தைபோலத் தைத்தோம். தகரத்துக்கும் அடியில் வைத்த பலகைக்கும் நடுவில் அவற்றைக் கொடுத்து மூடினார் அண்ணன். எத்தனை பேர் காய்ச்சலில் போர்த்தியதோ, அதில் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்களோ. தைக்கும்போது அந்த நினைப்பு வராமல் இல்லை.

ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி வேண்டும் என்றாள் மகள். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தார்கள். "அதுக்கு ரெண்டு வழி இருக்கணும்மா. ஒரே வழின்னா மாட்டிக்கிட்டோம்னு பயந்துக்கும். ஒண்ணு உள்ள வர, ஒண்ணு வெளிய ஓட."

அக்கா ஷெட்டின் ஒற்றைக் கதவைப் பார்த்தாள். "அவனுக்கு ஒரு வழிதான் இருந்துச்சு" என்றாள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு வழி வச்சுடச் சொல்றேன்."

வெளியே ஓடியாட ஒரு கூண்டு கட்டி, ஷெட்டிலிருந்து அதற்கு ஒரு சின்ன வாசல் வெட்ட வேண்டும். கதவிலேயே வெட்டினால் சுலபம் என்று அண்ணன் பென்சிலால் கோடு போட்டார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "கதவுல வேண்டாம்" என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கோட்டை அழித்துவிட்டுச் சுவரில் வெட்டினார். இரண்டு மடங்கு வேலை. தோண்டிக்கொண்டு ஓடாமல் இருக்க, கூண்டைச் சுற்றி வலையை மண்ணுக்குள்ளும் இறக்கினோம்.

பூட்டு விஷயத்தில்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"பூட்டு இல்லாம முயல் வளக்க முடியாது" என்றார் அண்ணன். "நாய் தள்ளினா திறந்துக்கும். அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது."

"பூட்டினா அவன் எப்படி உள்ள வருவான்?"

அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "வந்தா வீட்டுக் கதவத் தட்ட மாட்டானா?"

"தட்ட மாட்டான். உங்களுக்கே தெரியும். வந்தா நேரா இங்கதான் வருவான். பூட்டியிருந்தா இவங்களுக்கு வேண்டாதவனாப் போயிட்டேன்னு திரும்பிப் போயிடுவான்."

எனக்கு அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது. வைக்கோல் கட்டைப் பிரிக்கிற சாக்கில் நகர்ந்தேன். திரும்பி வந்தபோது அண்ணன் கதவின் உச்சியில் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார், தன் கைக்கு எட்டுகிற உயரத்தில், வெளிப்பக்கம். நாய்க்கு எட்டாது, மனுஷனுக்கு எட்டும். "அவன் என்னைவிட உசரம்" என்றார், யாரிடமும் சொல்லாதவர்போல.

கடைசியில் சுண்ணாம்பு. அவர் தனியாகவே அடித்தார். முடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தக் கறுத்த வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, விளிம்பு பிசகாமல், சின்னப் பிரஷால் அதைச் சுற்றி அடித்திருந்தார். அக்கா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "டீ போடறேன்" என்று உள்ளே போனாள்.

முயல்களை விட்டோம். பஞ்சு எல்லா மூலையையும் மோந்து பார்த்துவிட்டு, காய்ந்த புல் குவியலில் ஏறி உட்கார்ந்தது. மிளகு ஷெட்டை வட்டமடித்து ஓடி, துள்ளி, காற்றிலேயே உடம்பை முறுக்கிக் குதித்தது. அது சந்தோஷத்தில் செய்வது என்றாள் போனில் மகள். வீட்டில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லையாம். தண்ணீருக்குக் கவிழ்க்க முடியாத கனமான மண் சட்டி, மூலையில் கழிவுத் தட்டு, வைக்கோல் நிரப்பிய இருவழிப் பெட்டி. பெரிய வீட்டில் இருப்பவர்களுக்குக்கூட அப்படி அமையாது.

அடுத்த வாரம் மாலை நான் அங்கே இருந்தேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரம். தோட்டத்திலிருந்து ஒரு சத்தம். தட். கொஞ்சம் விட்டு இன்னொரு தட். பலகையில் விழுகிற சத்தம்.

அக்கா வெங்காயத்தை வைத்தாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். டீத்தூள் போட்டாள், பால் விட்டாள், டம்ளரில் ஆற்றினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு பின்வாசல் இறங்கிப் போனாள். நான் பின்னாலேயே போனேன். ஷெட் கதவைத் திறந்து, டம்ளரை நீட்டியபடி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே மிளகு காதைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றது. பின்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு. ஏதோ பூனை வாசனை பட்டிருக்க வேண்டும். முயலுக்குப் பயம் வந்தால் குரல் கிடையாது. காலால் தட்டித்தான் சொல்லும்.

"முயல்தான்" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து அந்த டீயை அவளே குடித்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் நானும் வாசலில் நின்றேன். டம்ளர் பல்லில் மோதுகிற சத்தம் கேட்டது.

அண்ணனிடம் பிறகு சொன்னேன். அவர் அதிசயப்படவில்லை. "நேத்து அவ வேலையிலிருந்து வரதுக்கு முன்னாடியும் தட்டிச்சு. நான் எந்திரிச்சுப் பாதி தூரம் போயிட்டேன்" என்றார். பிறகு, "டீ எடுத்துக்கிட்டுத்தான்" என்றார்.

வீட்டில் அது பழகிப்போயிற்று என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தட்டுக்கும் இருவரும் தலை தூக்குவார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல் வேலையைத் தொடர்வார்கள்.

இன்னொன்றும் நடந்தது. மழைக்காலத்தில் ஒரு காலை அக்கா புல் போடப் போனபோது தாழ்ப்பாள் திறந்திருந்தது. கதவு மட்டும் சாத்தியிருந்தது. நாயோ பூனையோ அந்த உயரத்துக்கு எட்டாது. முயல்கள் இரண்டும் உள்ளே வயிற்றைத் தரையில் பரப்பி, கண்ணைப் பாதி மூடிப் படுத்திருந்தன. பயந்த அடையாளமே இல்லை. முந்தின மாலைக்குப் பிறகு அவை தட்டவும் இல்லை. அண்ணன் "நான்தான் போட மறந்திருப்பேன்" என்றார். அக்கா அன்று லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். மாலை நான் பார்க்கப் போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என்னிடம் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "மறக்கல. தாழ்ப்பாளப் போட்டுட்டு இழுத்தும் பாத்தேன். அவகிட்ட எப்படிச் சொல்றது?"

அவர் அவளிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை.

வெயில் காலம் வந்தது. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஐசாக்கி, துணி சுற்றி உள்ளே வைத்தார்கள். கூரைமேல் ஈரச்சாக்கு போட்டார்கள். வெயிலை இரண்டும் தாங்கின. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை மிளகு சாப்பிடாமல் மூலையில் குன்றி உட்கார்ந்தது. முயலுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் ஆபத்து. உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சின்ன வயசுப் பெண் டாக்டர். ஊசி போட்டாள், சிரிஞ்சில் உணவு கொடுத்தாள், அவளால் முடிந்ததையெல்லாம் செய்தாள். ஞாயிறு காலை டாக்டர் மேசைமேலேயே போய்விட்டது.

நான் வீட்டுக்குப் போனபோது அண்ணன் தோட்டத்தில் குழி வெட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தனியாகப் போய்த் தூக்கி வந்த மிளகு ஒரு துண்டில் சுற்றிப் படிமேல் இருந்தது. அக்கா பார்ப்பதற்குள் புதைத்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். அவள் இன்னும் டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பஞ்சுவை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருப்பாள்போல. போன் சத்தம் எனக்கும் கேட்டது.

"உடனே புதைச்சிடாதீங்கம்மா" என்றாள் டாக்டர். "கொஞ்ச நேரம் அந்தப் பெண் முயல்கிட்ட வையுங்க. பாத்தா அதுக்குப் புரிஞ்சிடும். பாக்கலன்னா எங்க போச்சுன்னு தேடிக்கிட்டே இருக்கும். சாப்பிடாது."

அக்கா கேட்டாள்: "எவ்வளவு நாள் தேடும்?"

"அது சொல்ல முடியாதும்மா. சிலது விடவே விடாது."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அண்ணனிடம், "குழி அப்புறம் வெட்டலாம்" என்றாள். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். துண்டோடு மிளகை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய், வைக்கோலைச் சமமாக்கி, அதன்மேல் கிடத்தித் துண்டை விலக்கினாள். கால்களை இயல்பாக மடக்கிவிட்டாள். பிறகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் வாசலில். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே.

பஞ்சு முதலில் பெட்டிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டியது. வந்தது. பாதி தூரத்தில் நின்று, திரும்பி ஓடி, மறுபடி வந்தது. மூக்கால் மிளகின் விலாவைத் தள்ளியது. இன்னொரு முறை தள்ளியது, கொஞ்சம் பலமாக, எழுந்திரு என்கிற மாதிரி. பிறகு அதன் நெற்றியை நக்க ஆரம்பித்தது. காதை, கண்ணை, மறுபடி நெற்றியை. வெகுநேரம் நக்கியது. அக்கா அசையவே இல்லை. நக்குவதை நிறுத்தி, பஞ்சு ஒட்டினாற்போல் படுத்துக்கொண்டது. வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து சுவருக்குப் போகும்வரை அப்படியே கிடந்தது. அப்புறம் எழுந்து, வாயால் வைக்கோலைக் கவ்விக் கவ்வி அதன் பக்கத்தில் போட்டது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடைசியில் தண்ணீர்ச் சட்டிக்குப் போய்க் குடித்தது. புல்லைக் கொறிக்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா அப்போதுதான் அழுதாள். சத்தம் வராமல், வாயைத் திறந்தபடி, தோள் இரண்டும் குலுங்க அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் உள்ளே வரவில்லை. ஜன்னல் வலையில் விரல்களைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "வெட்டட்டுமா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

அந்த மாதக் கடைசியில் சூப்பர்வைசர் மேசைப் போன் அடித்தது. அக்கா போனாள். வழக்கமாக உடனே வந்துவிடுவாள். அன்று விரிப்புகள் ரோலர் பக்கத்தில் குவிந்துவிட்டன, சூப்பர்வைசர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். வந்ததும், "இல்ல" என்றாள். பிறகு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, "கொஞ்ச நேரம் கூட இருந்துட்டு வந்தேன். எங்கயோ அந்த மனுஷனோட அக்காவும் தேடிக்கிட்டிருப்பா இல்ல. அவளுக்காக நான் பாத்துட்டேன்" என்றாள்.

தம்பி வரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

பஞ்சு தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் வற்புறுத்தி, யாரோ வளர்க்க முடியாமல் விட்டுவிட்டுப் போன ஒரு பழுப்பு முயலைக் கொடுத்தாள். இரண்டையும் உடனே சேர்த்து விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். அண்ணன் ஷெட்டுக்கு நடுவில் வலைச் சட்டம் ஒன்று வைத்தார், ஒன்றை ஒன்று மோந்து பழக. போன ஞாயிறு நான் போனபோது அதன் ஓரம் சரியில்லை என்று அக்கா அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பழுப்பு முயல் ஒரு கம்பியை வளைத்துவிட்டதாம். "பஸ்ஸுக்குப் போட்ட பிரேக் மாதிரியா இருக்கு இது? ஆட்டினா ஆடுது" என்றாள். அவர் வாயில் ஆணியை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கையை ஆட்டினார். நான் சிரித்துக்கொண்டே கேரட் இலையைக் கிள்ளிப் போட்டேன்.

வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தின்றுகொண்டிருந்த முயல்கள் இரண்டும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தின. நான்கு காதுகளும் வாசல் கேட்டுப் பக்கம் திரும்பின. அண்ணன் வாயிலிருந்து ஆணியை எடுத்தார். அக்கா உதறிக்கொண்டிருந்த வைக்கோலைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். மூவரும் கேட்டைப் பார்த்தோம். தெருவில் யாரோ ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். பிறகு நடந்து போனார்.